முதல் சம்பளம்: பிஎஃப்பா, பிளாட்டா?



விழுப்புரத்துல பஸ் ஏறி, திண்டிவனம் வரைக்கும் ஜன்னலோரமா உட்கார்ந்து வந்து பாருங்க. மல்லாட்டையும் கரும்பும் போட்டிருந்த இடத்துல இப்போ வரிசையா நட்ட கல், நடுவுல செம்மண் ரோடு, முன்னாடி ஒரு அலங்கார வளைவு. பக்கத்துலயே "மாதத் தவணையில் மனை" என்று ஒரு போர்டு.

இந்த வருஷம் நம்மில் பலர் கையில ஆஃபர் லெட்டர் இருக்கு. வீட்டுல அடுத்த பேச்சு என்னன்னும் நமக்குத் தெரியும்: "சம்பளம் வந்ததும் ஒரு மனை வாங்கிப் போட்டுடு. மண்ணுல போட்ட காசு எங்கயும் போகாது." எங்க ஊர் பனமலை. எங்க வீட்டுலயும் இதே பேச்சுதான். ஆனா எங்க பெரியப்பா மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார்.

2013-ல அவர் சென்னையில ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்கு மாறினார். பழைய கம்பெனி பிஎஃப் பணம் சுமார் 4 லட்சம். புது கணக்குக்கு மாத்தாம மொத்தமா எடுத்து, திண்டிவனம் பக்கம் ஒரு மனை வாங்கினார். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்று சொல்லித்தான் வித்தாங்க. 2017 தை மாசம் அக்கா கல்யாணம். அதுக்காக மனையை விக்கலாம்னு போனா, முடியல. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. கல்யாணம் கடன்லதான் நடந்தது. 2017-ல அரசு வரன்முறை விதிகள் கொண்டு வந்த பிறகுதான் இப்படி மாட்டின மனைகளுக்கு வழி பிறந்தது. ஆனா அக்கா கல்யாணம் அதுக்குக் காத்திருக்கலையே.

இதுல ரெண்டு பாடம் இருக்கு. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. பிஎஃப்: எடுக்காம இருந்தாலே பாதி வெற்றி

அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய்னு வச்சுக்குவோம். உங்க பங்கு 12%, அதாவது 1,800. கம்பெனியும் 1,800 போடும். அதுல 1,250 பென்ஷன் திட்டத்துக்குப் போகும், மீதி 550 பிஎஃப்ல சேரும். ஆக மாசம் 2,350 உங்க பிஎஃப் கணக்குல. (அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல இருந்து முதல் முறையா வேலைக்குச் சேர்றவங்களுக்கு பிஎஃப் கட்டாயம் இல்லை. அதனால சேரும் நாளே எச்ஆர்கிட்ட கேட்டுடுங்க.)

ரெண்டு வருஷத்துல வட்டியோட சுமார் 60,000 சேரும். வேலை மாறும்போது நம்ம சீனியர்கள் நிறைய பேர் இதை எடுத்து பைக்கோ போனோ வாங்கிடறாங்க. ஒரு சின்ன கணக்கு போடுங்க. 72-ஐ வட்டி விகிதத்தால வகுத்தா, பணம் இரட்டிப்பாக எத்தனை வருஷம் ஆகும்னு தோராயமா வரும். 8% என்றால் 9 வருஷம். 24 வயசுல இருக்கிற 60,000, 33-ல 1,20,000; 42-ல 2,40,000; 51-ல 4,80,000. 2024-25-க்கு பிஎஃப் வட்டி 8.25%, அதனால இது மிகையான கணக்கு இல்லை.

பெரியப்பாவோட 4 லட்சத்தை எடுக்காம விட்டிருந்தா? 2013-ல இருந்து ஒவ்வொரு வருஷமும் அறிவிச்ச வட்டியைப் போட்டுப் பார்த்தேன். 2025-ல பத்தரை லட்சம் தாண்டுது.

விலைவாசியையும் மறக்கக் கூடாது. அது வருஷம் 6% ஏறினா, அந்த 4,80,000-க்கு இன்னைய மதிப்பு ஒரு லட்சம்தான். அதனால பிஎஃப் மட்டும் போதாது. பிபிஎஃப், என்பிஎஸ், இன்டெக்ஸ் ஃபண்ட் என்று இன்னொண்ணும் பக்கத்துல வேணும். ஆனா அடித்தளம் பிஎஃப்தான். வேலை மாறினாலும் யுஏஎன் எண் ஒண்ணுதான். பழைய கணக்கை ஆன்லைன்லயே புதுசுக்கு மாத்திடலாம்.

2. மனை: "பத்து மடங்கு" கணக்கு

"1997-ல ஒரு லட்சத்துக்கு வாங்கினது, இன்னைக்குப் பத்து லட்சம்" என்று ஊர்ல பெருமையா சொல்வாங்க. 28 வருஷத்துல பத்து மடங்குன்னா கூட்டு வட்டியில வருஷத்துக்கு சுமார் 8.6%. கிட்டத்தட்ட பிஎஃப் வட்டிதான்! அதோட தமிழ்நாட்டுல வாங்கும்போதே முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. பத்து லட்சம் மனைக்கு 90,000 முதல் நாளே போயிடும். காலி மனைக்கு வாடகையும் வராது. அவசரத்துக்கு அதுல கால் பங்கை மட்டும் வித்துக்கவும் முடியாது.

மனையே வேண்டாம்னு சொல்ல வரல. வாங்கறதா இருந்தா இதைப் பாருங்க:

• அங்கீகாரம்: நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) எண் வேணும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் ஆகாது.

• ரெரா: 500 சதுர மீட்டருக்கு மேல, 8 மனைக்கு மேல இருக்கிற மனைப்பிரிவு ரெராவில் பதிவாகி இருக்கணும். ஒப்பந்தம் பதிவு செய்யாம 10%-க்கு மேல முன்பணம் கேட்டா, கொடுக்காதீங்க.

• வில்லங்கம், பட்டா: வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்துல 30 வருஷத்துக்குப் பாருங்க. பட்டா, புலப்படம் ரெண்டையும் வருவாய்த்துறை தளத்துல பாருங்க. சர்வே எண் எல்லாத்துலயும் ஒத்துப் போகணும்.

• தண்ணி: எங்க ஊர் மலைமேல ராஜசிம்ம பல்லவன் கட்டின தாளகிரீஸ்வரர் கோயில் வாசல்ல நின்னு கீழே பார்த்தா, எது ஏரி, எது பள்ளம்னு கண்ணாலயே தெரியும். எல்லா இடத்துலயும் அப்படி ஒரு மலை கிடைக்காது. அதனால மனையைக் கார்த்திகை மழையில போய்ப் பாருங்க. 2024 ஃபெஞ்சல் புயல்ல மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. சித்திரையில பார்த்த மேடு, அந்த வாரத்துல குளமா இருந்திருக்கும்.

• தவணை: "மாசம் கட்டுங்க, நிலமோ பணமோ பிறகு தர்றோம்" என்றால் அது மனை வியாபாரமே இல்லை. பிஏசிஎல் (ஊர்ல "பேர்ல்ஸ்") இப்படித்தான் நாடு முழுக்க வசூல் பண்ணுச்சு. 2014-ல் 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லி செபி உத்தரவிட்டது. 2016-ல் உச்ச நீதிமன்றம் லோதா குழுவை அமைச்சது. பல குடும்பங்கள் பணத்துக்காக வருஷக்கணக்கா காத்திருந்தாங்க.

போன வாரம் என் ஆஃபர் லெட்டரைப் பெரியப்பாகிட்ட காட்டினேன். சம்பளத் தொகையை அவர் பார்க்கல. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, "பிஎஃப்னு எங்கடா எழுதியிருக்கு, காட்டு" என்றார்.

நீங்களும் உங்க லெட்டரை எடுத்து, முதல்ல அந்த வரியைத் தேடுங்க. அந்தப் பணம் சேரட்டும். மனைக்கு வேற பணம் சேர்க்கலாம்.