பூ எழுதிய நாட்குறிப்பு: கியோத்தோ நகரின் காலநிலை கற்பிக்கும் பாடம்

காலநிலை மாற்றம் பற்றி வகுப்பில் பேச்செடுத்தால் இரண்டு குரல்கள் எழும். "இந்த வருட வெயிலைப் பாருங்கள், உலகமே மாறிவிட்டது" என்பது ஒன்று. "வெயிலும் வெள்ளமும் அந்தக் காலத்திலும் இருந்தனதானே, இதில் என்ன புதுமை?" என்பது மற்றது. உயர்தர வகுப்பில் புவியியல் கற்கும் எனக்கு இரண்டாவது கேள்விக்குச் சரியான விடை வேண்டும் என்ற ஆவல் நெடுநாளாக இருந்தது. வரைவிலக்கணத்தை ஒப்புவித்தால் புள்ளி கிடைக்கும். ஆனால் கேட்டவரின் ஐயம் தீராது. யப்பானின் கியோத்தோ நகரைப் பற்றி வாசித்தபோதுதான் அந்த விடை எனக்குத் தெளிவாயிற்று. அதை இங்கு தோழியரோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தளம்பலும் மாற்றமும்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து அறிவோம். ஓரிடத்தின் வெப்பநிலையும் மழைவீழ்ச்சியும் வருடத்துக்கு வருடம் சராசரியிலிருந்து கூடிக் குறைவது காலநிலைத் தளம்பல். அந்தச் சராசரியே பல பத்தாண்டுகளில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவது காலநிலை மாற்றம். கடற்கரையில் நின்றால் அலைகள் ஏறி இறங்குவதைக் காண்கிறோம். அலை ஓயாமல் அடிக்கும்போதே வற்றுப்பெருக்கால் நீர்மட்டம் மெல்ல உயர்கிறது. ஓர் அலையைப் பார்த்து நீர்மட்டம் உயர்ந்ததா என்று சொல்ல முடியாது. நெடுநேரம் நின்று கவனிக்க வேண்டும். காலநிலையில் அந்த நெடுநேரம் என்பது நூற்றாண்டுகள்.

கியோத்தோ ஏறத்தாழ 35 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. ஈரமான உப அயனக் காலநிலை அங்கு நிலவுகிறது. மாரி குளிரானது; கோடை வெப்பமும் ஈரப்பதனும் மிக்கது. ஜூன், ஜூலை மாதங்களில் "பாயு" எனும் மழைக்காலம் வரும். அதன்பின் கடும் வெயிலும், தைபூன் எனப்படும் சூறாவளிகளும் வரும். நான்கு பருவங்களும் தெளிவாகப் பிரிந்து நிற்கும் இத்தகைய இடத்தில் மரங்கள் பருவத்தைக் காட்டும் கடிகாரங்கள் போன்றவை.

ஆயிரத்திருநூறு வருடப் பதிவு

கியோத்தோ கி.பி. 794 முதல் ஆயிரம் வருடங்களுக்கு மேலாக யப்பானின் தலைநகராக இருந்தது. வசந்தத்தில் செர்ரி மரங்கள் முழுமையாகப் பூக்கும் நாளில் அங்கு விருந்துகளும் கவியரங்குகளும் நடந்தன. அரசவையினர், துறவிகள், வணிகர் எனப் பலரும் அந்நாளைத் தம் நாட்குறிப்புகளில் எழுதி வைத்தனர். அவர்களில் எவரும் விஞ்ஞானத்துக்காக எழுதவில்லை. ஆயினும் யசுயூக்கி அயோனோ என்ற ஆய்வாளர் அப்பழைய ஏடுகளைத் தேடி, பழைய நாட்காட்டித் திகதிகளை இன்றைய முறைக்கு மாற்றித் தொகுத்தார். அத்தொடர் கி.பி. 812 இல் தொடங்குகிறது. இடையிடையே வெற்றிடங்கள் இருந்தாலும், உலகில் கிடைக்கும் மிக நீண்ட பூப்புப் பதிவுகளுள் இது ஒன்று.

பூத்த நாளிலிருந்து வெப்பநிலையை எவ்வாறு அறிவது? செர்ரியின் மொட்டுகள் இலையுதிர் காலத்தில் உறங்கத் தொடங்குகின்றன. மாரிக் குளிர் அவ்வுறக்கத்தைக் கலைக்கிறது. பின்னர் வரும் வாரங்களின் வெப்பம் மொட்டை வளர்க்கிறது. மார்ச் மாதம் வெப்பமாக இருந்தால் பூ முந்தும். குளிராக இருந்தால் பிந்தும். வெப்பமானி தோன்றிய பிற்காலத்தில் பூத்த நாளையும் வெப்பநிலையையும் ஒப்பிட்டுத் தொடர்பைக் கணித்தால், வெப்பமானி இல்லாத நூற்றாண்டுகளையும் மதிப்பிடலாம்.

அவ்வாறு மதிப்பிட்டபோது 1330-1350, 1520-1550, 1670-1700, 1825-1830 ஆகிய நான்கு குளிர்க்காலங்கள் தெரிந்தன. அக்காலங்களில் மார்ச் மாதச் சராசரி வெப்பநிலை 4 முதல் 5 பாகை செல்சியஸ் வரையில் இருந்திருக்கிறது. சூரியனின் செயற்பாடு குறைந்திருந்த காலங்களை ஒட்டியே இவை வந்தன. ஆகவே "அந்தக் காலத்திலும் காலநிலை மாறியது" என்ற கூற்று உண்மைதான். அதை மறுக்கத் தேவையில்லை.

1409 உம் 2021 உம்

பழைய பதிவுகளில் பூக்கள் பெரும்பாலும் ஏப்ரல் நடுப்பகுதியிலேயே நிறைந்தன. சில வருடங்களில் மே மாதத் தொடக்கம் வரை பிந்தியதும் உண்டு. 1409 ஆம் ஆண்டில் மட்டும் மார்ச் 27 இலேயே பூத்துவிட்டது. அறுநூறு வருடங்களுக்கு மேலாக அதுவே மிக முந்திய நாளாக இருந்தது. 2021 இல் மார்ச் 26 அன்று பூத்து அச்சாதனை முறிந்தது.

"ஒரு நாள்தானே வித்தியாசம்!" என்று ஒருவர் சொல்லலாம். நான் கண்ட விடை இங்கேதான் உள்ளது. 1409 ஒரு தனி அலை. அதற்கு முன்னும் பின்னும் சராசரி ஏப்ரல் நடுப்பகுதியிலேயே இருந்தது. இன்றோ சராசரியே ஏப்ரல் முதல் வாரத்தை எட்டிவிட்டது. அன்று விதிவிலக்காக இருந்தது இன்று வழமைக்கு அருகில் வந்துவிட்டது. தளம்பலையும் மாற்றத்தையும் பிரித்துக் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் காணவில்லை.

நகரம் வளர்ந்ததும் இதற்குக் காரணமல்லவா என்று கேட்பதும் நியாயமே. கொங்கிரீற்றும் தாரும் பகல் வெப்பத்தைச் சேமித்து நகரைச் சூடாக்குகின்றன. 2022 இல் பிரித்தானிய வானிலை ஆய்வாளர்கள் அயோனோவுடன் சேர்ந்து இதை ஆராய்ந்தனர். நகர வெப்பமும் மனிதரால் ஏற்பட்ட காலநிலை மாற்றமும் சேர்ந்து பூக்கும் நாளை ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே தள்ளியுள்ளன என்றும், 2021 போன்ற மிக முந்திய பூப்பு நிகழும் வாய்ப்பை மனிதச் செல்வாக்கு 15 மடங்காக்கியுள்ளது என்றும் அவர்கள் கணித்தனர். நகரமயமாக்கல் குறைவாகப் பாதித்த 15 நிலையங்களைக் கொண்டே யப்பானிய வானிலை நிறுவனம் நாட்டின் சராசரி வெப்பநிலையைக் கணிக்கிறது. அங்கும் நூற்றாண்டுக்கு 1 பாகைக்கு மேற்பட்ட உயர்வு தெரிகிறது. எனவே பழி முழுவதையும் நகரின் மீது போட முடியாது.

அலை சிறிதல்ல

மாற்றத்தைப் பேசும்போது தளம்பலை அற்பமாக எண்ணிவிடக் கூடாது. 1993 இல் யப்பானில் கோடை வெப்பமின்றிக் கழிந்தது. 1991 இல் பிலிப்பைன்ஸின் பினத்துபோ எரிமலை வெடித்து வளிமண்டலத்தில் பரப்பிய துணிக்கைகள் சூரிய ஒளியைக் குறைத்தமையும் அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நெல் விளைச்சல் வழமையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காயிற்று. அரிசியில் தன்னிறைவு கண்ட நாடு தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து அரிசி இறக்குமதி செய்ய நேர்ந்தது. அடுத்த வருடம் நிலைமை தலைகீழானது. 1994 ஆகஸ்ட் 8 இல் கியோத்தோவில் 39.8 பாகை பதிவானது. தெற்கே ஃபுகுவோக்கா நகரில் வரட்சியால் நீர்விநியோகக் கட்டுப்பாடு 295 நாட்கள் நீடித்தது.

1994 இன் அந்த வெயிலுக்கும் நமது கடலுக்கும் தொடர்புண்டு. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதி வெப்பமாகவும் கிழக்குப் பகுதி குளிராகவும் மாறும் "இருமுனை" நிகழ்வு அவ்வருடம் வலுவாக இருந்தது. யப்பானிலிருந்து ஆய்வு செய்த சாஜி, யமகத்தா முதலியோர் 1999 இல் இந்நிகழ்வை விளக்கினர். இலங்கையின் ஒக்டோபர், நவம்பர் மழையைக் கூட்டிக் குறைப்பதிலும் அதற்குப் பங்குண்டு.

இன்று மாற்றமும் தளம்பலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருகின்றன. வெப்பநிலை 1 பாகை உயர்ந்தால் வளி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைக் கொள்ளும். மழை பெய்யும் நாட்கள் யப்பானில் குறைந்து வரும்போதே, மணிக்கு 50 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும் மழை 1976-1985 காலத்தோடு ஒப்பிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியுள்ளது. 2018 ஜூலையில் பாயு மழை மேற்கு யப்பானில் வெள்ளத்தையும் மண்சரிவையும் ஏற்படுத்தி 200 க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதே மாதம் 19 ஆம் திகதி கியோத்தோ மீண்டும் 39.8 பாகையைத் தொட்டது. உயர்ந்த நீர்மட்டத்தின் மேல் எழும் அலை கரையில் இன்னும் தூரம் ஏறும் என்பது இதுதான்.

நமக்குரிய வேலை

இவ்விடயத்தில் என்னை மிகவும் தொட்டது அந்த நாட்குறிப்புகளே. எழுதியவர்களிடம் கருவிகள் இருக்கவில்லை. கண்டதைத் திகதியிட்டு எழுதும் பழக்கம் மட்டுமே இருந்தது. அவர்கள் விட்டுச்சென்ற வரிகள் இல்லையென்றால், இன்று வகுப்பில் எழும் இரண்டாவது குரலுக்கு நம்மிடம் ஆதாரமிராது.

தோழியரே, நம் கல்லூரியிலும் இதைத் தொடங்கலாம். ஒரு மழைமானியை வைத்து நாள்தோறும் ஒரே நேரத்தில் அளவெடுக்கலாம். வளவிலுள்ள மாமரமும் வேம்பும் முதலில் பூத்த நாளைக் குறிக்கலாம். ஒரு வகுப்பு விலகும்போது அடுத்த வகுப்பிடம் பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும். ஐந்து வருடக் குறிப்பில் அலைகளை மட்டுமே காண்போம். ஐம்பது வருடம் கழித்து அதைத் திறப்பவள் நீர்மட்டத்தைக் காண்பாள். அவளுக்காக முதல் வரியை எழுத வேண்டியவர்கள் நாமே.