நான்கு விநாடிச் சித்திரம்

ஈப்போ

அன்புள்ள தம்பி,

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில், செம்பனைக்கு இடம் கொடுத்தது போக எஞ்சி நிற்கும் ரப்பர்ப் பால்மரங்களில் உன் பாட்டி சீவிக் காட்டியதை நீ வீடியோவாகப் பிடித்து வைத்திருப்பதையும், அதைத் துண்டு துண்டாக நறுக்கி, தமிழ்ப்பள்ளியில் செய்யவிருக்கும் பிரசங்கத்துக்கான ஸ்லைடுகளில் அசையும் படங்களாகப் பதிக்க விரும்புவதையும் படித்து மகிழ்ந்தேன். எந்த மென்பொருள் உத்தமம் என்று கேட்டிருக்கிறாய். ஜிம்ப் போதும், கட்டளை எழுதப் பழகினால் எஃப்எஃப்எம்பெக் இன்னும் நல்லது. அது ஒருநாள் பாடம். அதற்கு முன் தீர்மானிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதை நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறு மண்டபத்தில் தோட்டத்து வரலாறு பற்றிப் பேசினேன். தம் பழைய லயத்தின் வாசலில் நின்ற ஒரு முதிய அம்மையார் தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்ட இரண்டு விநாடிக் காட்சியை, உருக்கமாக இருக்கிறதே என்ற எண்ணத்தில் ஜிஃப் எனும் அசையும் படமாக்கி, ஓயாமல் சுழலும்படி திரையில் விட்டிருந்தேன். 1950-களின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட கதையைத் தொடங்கி, துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவிய 1960-க்கு நான் வந்து சேர்வதற்குள், அந்த அம்மையார் என் முதுகுக்குப் பின்னால் எத்தனையோ முறை கண்ணைத் துடைத்துவிட்டார். சபையின் கடைசி வரிசையிலிருந்து அவருடைய மகள் எழுந்து, “அம்மா ஒரே ஒரு தடவைதான் அழுதாங்க, ஐயா” என்றார். நான் திரையை அணைத்தேன். அன்று மேற்கொண்டு பேச வாய் வரவில்லை.

கை பலமுறை செய்ததைச் சுழல விடலாம். மனம் ஒருமுறை பட்டதைச் சுழல விடலாகாது என்பதை அன்றுதான் அறிந்துகொண்டேன். விடியுமுன் பெரட்டு எனும் வருகைப் பதிவுக்கு நின்று, தனக்குரிய மர வரிசையான நிரைக்குப் போய், நானூறு ஐந்நூறு மரங்களில் ஒரே அசைவை ஒவ்வொரு காலையும் செய்த கைக்கு அந்தச் சுழற்சி நியாயமான சாட்சி. உன் பாட்டியின் பெருமூச்சுக்கு அது அவமரியாதை. பெருமூச்சு வேண்டுமானால் அசையாத புகைப்படமாக வை. அவ்வாறே, 1877-ல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் அவ்வூரில் மரமாக நிற்கிறதே, அதன் படத்தைச் சேர்ப்பதானால் அதையும் அசைய விடாதே. அதன் இலைகள் காற்றில் ஆடுவதால் சபைக்குப் பிரயோஜனம் ஏதுமில்லை, ஆடும் ஒவ்வோர் இலையும் கோப்பின் அளவைப் பருக்கவைக்கும் என்பதைத் தவிர.

ஏன் பருக்கும் என்று கேட்பாய். பவர்பாயிண்ட் வெளிவந்த அதே 1987-இல் பிறந்த ஜிஃப், ஒரு ஃபிரேமில் 256 நிறங்களுக்குமேல் தாங்காத எளிய பிறவி. முந்தைய ஃபிரேமிலிருந்து மாறிய இடத்தை மட்டும் எழுதிச் சிக்கனம் செய்ய அதற்கு வழி உண்டு. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி எடுத்திருந்தால்தான் அந்தச் சிக்கனம் கைகூடும். கணக்கைப் பார். உன் வீடியோ விநாடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்துக்கொள். ஒன்று விட்டு ஒன்றாக எடுத்தால் ஒவ்வொன்றும் விநாடியில் நூறில் எட்டுப் பங்கு நிற்கும். நூறில் ஒரு பங்கு என்ற அளவிலேயே காலத்தைக் குறிக்கும் ஜிஃபுக்கு அது பிசகின்றிப் பொருந்தும், அசைவும் தடுக்கி விழாது. நான்கு விநாடிக்கு 50 படம். அகலம் 640, உயரம் 360 பிக்சல் என்றால், பிக்சலுக்கு ஒரு பைட் வீதம், சுருக்குமுன் 1,15,20,000 பைட். ஆகவே நான்கு விநாடிக்குமேல் ஆசைப்படாதே.

அந்த நான்கு விநாடியை எங்கே தேடுவது? உன் பாட்டி முதலில் பழைய வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரிப்பார். பிறகு இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சரியும் கோட்டில் உளியைப் பதித்து இழுப்பார். மெல்லிய பட்டைச் சீவல் சுருண்டு விழ, அதன் பின்னாலேயே வெள்ளை நூலாகப் பால் கசிந்து, மங்கு எனும் பால் கிண்ணத்தை நோக்கி இறங்கும். உளி பட்டையில் பதியும் க்ஷணத்தில் தொடங்கி, அடுத்த இழுப்புக்கு மீண்டும் பதியும் க்ஷணத்தில் முடி. சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கிண்ணத்தைப் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடு. இல்லையேல் நிறைந்துவரும் பால் ஒவ்வொரு சுற்றிலும் திடீரென்று குறையும். தோட்டத்தில் பிறந்த எவரும் அதை மன்னிக்கமாட்டார். இன்னொன்று: முழுக் காட்டையும் படத்தில் வைத்தால் 256 நிறங்களில் பெரும்பங்கைப் பச்சையே விழுங்க, அந்த வெள்ளை நூல் பட்டையின் சாம்பலில் கரைந்துபோகும். பட்டையும் கையும் மட்டும் தெரிய முதலில் வெட்டிக்கொண்டு, பிறகே நிறங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்.

அரசுத் திரைப்பட நிறுவனமான பிலெம் நெகாராவில் ஆனந்தம் சேவியர் ‘ஹிக்காயாத் சாங் கஞ்சில்’ என்ற அசைவூட்டக் குறும்படத்தை உருவாக்கிய காலத்தில், 1983-ல் அது வெளிவருமுன், ஒவ்வோர் அசைவையும் கையால் வரைந்தே பெற வேண்டியிருந்தது. நமக்கோ எல்லா ஃபிரேமும் இனாமாக வருகின்றன. கழிப்பதுதான் நம் உழைப்பு.

சுழற்சியை மூன்று சுற்றோடு நிறுத்திவிடு; கடைசி ஃபிரேமில் படம் உறைந்து நிற்க, சபையின் கண் உன்னிடம் திரும்பும். முதல் ஃபிரேம் தனியாகவே பொருள் தரட்டும். ஆசிரியர்கள் ஸ்லைடுகளை அச்செடுத்துக் கேட்டால் காகிதத்தில் வருவது அது ஒன்றே. ஒலி கிடையாது என்று வருந்தாதே. உளி பட்டையில் ஓடும் சரசரப்பையும், கொசுவின் இரைச்சலையும் உன் குரலாலேயே சொல்.

முடித்ததும் எனக்கு அனுப்பாதே. கணினியைத் தூக்கிக்கொண்டு போய் முதலில் உன் பாட்டியிடம் காட்டி, உளி பிடித்த கோணம் சரியாக விழுந்திருக்கிறதா, இந்த அசைவையே சபையில் காட்டலாமா என்று கேள். வேண்டாம் என்றால் வேறு நான்கு விநாடியை அவரே காட்டுவார்.

அன்புடன்,
உன் ஆசிரியன்