கறுப்புத் தாரில் மறைந்திருக்கும் இரசாயனங்கள்

(மாணவி, க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பிரிவு)

நிலக்கரி என்றதும் எமக்கு நுரைச்சோலை அனல்மின் நிலையமே நினைவுக்கு வருகின்றது. அங்கு நிலக்கரி தாராளமான வளியில் எரிக்கப்படுகின்றது. காபன் காபனீரொட்சைட்டாக வெளியேற, சாம்பல் எஞ்சுகின்றது. அதே நிலக்கரியை வளி புகாத அடுப்பில் ஏறத்தாழ 1000 பாகை செல்சியசு வரை வெப்பமேற்றினால் விளைவு வேறாகும். ஒட்சிசன் இல்லாமையால் அது எரியாமல் சிதைவடைகின்றது. உருக்கு ஆலைகளுக்குத் தேவையான கற்கரி அடுப்பிலேயே தங்க, எரிவாயுவும் அமோனியா கலந்த நீரும் தாரும் வெளிவருகின்றன. ஒரு தொன் நிலக்கரியிலிருந்து சுமார் 30 முதல் 45 கிலோகிராம் வரை தார் கிடைக்கும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் நகர வீதிகளில் நிலக்கரி வாயு விளக்குகள் எரியத் தொடங்கின. வாயு விற்பனையானது, தாரோ தொல்லை தரும் கழிவாகத் தேங்கியது. அந்தக் கழிவைப் பயனுள்ளதாக்கிய வழியே பகுதிபடக் காய்ச்சி வடித்தல் ஆகும்.

தார் ஒரு தனிச் சேர்வையன்று. நூற்றுக்கணக்கான சேர்வைகளின் கலவை. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கொதிநிலை உண்டு. எனவே வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்தி, வரும் ஆவியைக் குளிரச்செய்து தனித்தனியே சேகரிக்கலாம். சுமார் 170 பாகை வரை இலேசான எண்ணெயும், 230 வரை நடு எண்ணெயும், 270 வரை கிரியோசோற்று எனப்படும் பாரமான எண்ணெயும், 360 வரை பச்சை எண்ணெயும் வடிகின்றன. இறுதியில் கரிய கீல் எஞ்சும்.

காய்ச்சி வடித்தலோடு வேலை முடிவதில்லை. நடு எண்ணெயைக் குளிரவிட்டால் நப்தலீன் பளிங்குகளாகப் படியும். மீதியைச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலுடன் குலுக்கினால், அமிலத் தன்மையுள்ள பீனோல் உப்பாக மாறி நீர்ப்படையில் கரையும். அப்படையை வேறாக்கிக் காபனீரொட்சைட்டைச் செலுத்தினால் பீனோல் மீண்டும் பிரியும். பீனோல் காபோனிக் அமிலத்திலும் மென்மையான அமிலம் என நாம் பாடத்தில் படிப்பதன் பயன் இதுவே. இலேசான எண்ணெயை அமிலத்தாலும் காரத்தாலும் கழுவி மீண்டும் வடித்தால் 80 பாகையில் பென்சீனும் 111 பாகையில் தொலுயீனும் கிடைக்கும்.

இந்தப் பொருள்கள் உலகை மாற்றின. 1856இல் வில்லியம் பேர்க்கின், மலேரியாவுக்கான குவினைனைத் தயாரிக்க முயன்றபோது ஊதாச் சாயமொன்றைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 18. எம்மைவிட ஒரு வயதே மூத்தவர். 1865இல் யோசேப்பு லிஸ்ரர் பீனோலைக் காயங்களுக்கு இட்டுக் கிருமித் தொற்றைத் தடுத்தார்.

ஆனால் இதற்கு விலையும் கொடுக்கப்பட்டது. தாரிலிருந்து பென்சீனைப் பெருமளவில் பிரிக்க வழிகண்ட சார்ள்ஸ் மான்ஸ்பீல்ட், 1855இல் தமது வடிகலம் தீப்பற்றியதால் எரிகாயமுற்று 35 வயதில் உயிரிழந்தார். 1915இல் யப்பானிய விஞ்ஞானிகளான யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் தாரைத் தொடர்ந்து பூசியபோது புற்றுநோய் தோன்றியதை நிரூபித்தனர். பென்சீன் ஆவி குருதிப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் இன்று தெளிவு.

பெற்றோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலுமாரியில் போடும் நப்தலீன் உருண்டைகளைக் குழந்தைகளின் உடைகளோடு வைக்காதீர்கள். பரம்பரையாக ஒரு நொதியம் குறைந்த குழந்தைகளில் அதன் ஆவி செங்குழியங்களைச் சிதைத்துக் கடும் இரத்தச்சோகையையும் மஞ்சட்காமாலையையும் ஏற்படுத்தலாம்.

இன்று பென்சீனின் பெரும்பகுதி பெற்றோலியத்திலிருந்தே பெறப்படுகின்றது. எனினும் அலுமினியத் தொழிலுக்கு வேண்டிய காபன் மின்வாய்களைத் தயாரிக்க நிலக்கரித் தாரின் கீல் இன்னும் உதவுகின்றது. கழிவு என்று ஒதுக்கப்பட்ட ஒன்றிலிருந்து மருந்தும் சாயமும் பெற வழிகாட்டியது பொருள்களின் இயல்பு பற்றிய அறிவே. அவற்றின் நஞ்சிலிருந்து எம்மைக் காப்பதும் அதே அறிவுதான். ஆகவே கொதிநிலை அட்டவணையைப் பரீட்சைக்காக மட்டும் மனனம் செய்யாது, அதன் பொருளை உணர்ந்து கற்போம்.