இல்லத்தில் பல்கனிப் பானம்

திருமண வீடாயினும், தீபாவளி விருந்தாயினும், பள்ளி விளையாட்டுப் போட்டியாயினும், இன்று நம் தோட்டங்களில் பெரியதொரு பாத்திரத்தில் செந்நிறப் பானம் ஒன்று வைக்கப்படுவதைக் காண்கிறோம். ‘பஞ்ச்’ என்பது அதன் பெயர். (மாணவர் சிலர் இதனைப் ‘பஞ்சு’ என்று எழுதுவர், அது இலவ மரத்தில் காய்ப்பது.) பெரும்பாலும் அது கடையில் வாங்கிய சாயப் பாகும் தண்ணீருமே. கொல்லையில் பப்பாளியும், வேலியோரத்தில் அன்னாசியும் விளையும் நாட்டில் இஃது ஏன் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு.

‘பஞ்ச்’ என்னும் ஆங்கிலச் சொல், ஐந்து எனப் பொருள்படும் ‘பஞ்ச’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது என்பது பலரும் கூறும் கருத்து. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வணிகம் செய்ய வந்த ஆங்கிலேயர், சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், நறுமணப் பொருள் ஆகியவற்றைக் கலந்து பருகினர். நம்மவரோ சாராயத்தை விடுத்து, வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம், நீர் என்னும் ஐந்தையும் கூட்டிப் பானகம் செய்து திருவிழாக்களில் வழங்கி வருகின்றனர். மதுவின்றி விருந்துப் பானம் ஏது என்று வினவுவோர், வெயிலில் தேர் இழுத்துவிட்டுப் பானகம் அருந்தியவர்களைக் கேட்டறிவாராக.

இருபது பேருக்குப் பானம் செய்யும் முறையைக் கூறுவோம். நன்கு பழுத்த பெரிய அன்னாசி ஒன்றைத் தோல் சீவுவதற்கு முன்னரே தேய்த்துக் கழுவுக. தோலையும் நடுத்தண்டையும் எறிந்துவிடாது, கட்டைவிரல் அளவு இஞ்சி, ஒரு துண்டு பட்டை, நான்கு ஏலக்காய் ஆகியவற்றோடு ஒரு லிட்டர் நீரில் கால் மணி நேரம் கொதிக்கவிடுக. பின் வடிகட்டி, 200 கிராம் சர்க்கரையை அதிலேயே கரைத்து ஆறவிடுக. பானத்தின் மணம் முழுவதும் இந்நீரில்தான் இருக்கிறது. அன்னாசிச் சதை, ஒரு கிலோ தர்பூசணி, இரண்டு கொய்யா ஆகியவற்றை அரைத்து வடிகட்டிச் சேர்க்க. பதினைந்து கஸ்தூரி எலுமிச்சையின் சாறும், ஒரு சிட்டிகை உப்பும், கொதித்து ஆறிய நீர் இரண்டரை லிட்டரும் கலந்தால் ஏறக்குறைய 5 லிட்டர் கிடைக்கும். ஒரு குவளைக்கு எவ்வளவு சர்க்கரை சேர்த்தோம் என்பதை நான்காம் ஆண்டு மாணவரும் கணக்கிடலாம்: 10 கிராம், அதாவது இரண்டரைத் தேக்கரண்டி. பழத்திலுள்ள இனிப்பு இதற்கு மேற்பட்டது. நீரிழிவு உள்ள தாத்தா பாட்டிக்கு இப்பானத்தைவிட அளவாக உண்ணும் பழத்துண்டே நன்று. நட்சத்திரப் பழத்தை அழகுக்காக வெட்டி மிதக்கவிடுவோர், சிறுநீரக நோயாளிகளுக்கு அப்பழம் கொடிய நஞ்சாகலாம் என்பதை அறிதல் வேண்டும்.

பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் ‘புரோமெலின்’ என்னும் நொதி உள்ளது. மிகுதியாகத் தின்றால் நாக்கு கடுப்பதும், பால் சேர்த்தால் பானம் கசப்பதும் இதனால்தான். கொதிக்க வைத்தால் நொதி செயலிழக்கும். அகார் அகார் புரதமன்று. ஆதலின் அதன் வண்ணத்துண்டுகளைத் தயங்காது மிதக்கவிடலாம்.

இனிப் பாத்திரம். துத்தநாகப் பூச்சிட்ட இரும்பு வாளியில் புளிப்புப் பானத்தை ஊற்றி வைத்தால், அமிலம் துத்தநாகத்தைக் கரைத்துவிடும். அருந்தியோர் வாந்தியாலும் வயிற்றுவலியாலும் துன்புறுவர். ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் ஆகா. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஆகியவையே தக்கவை. ரப்பர்ப் பாலை உறையவைக்கும் அமிலமோ, களைக்கொல்லியோ இருந்த கலன் எத்தனை முறை கழுவப்பட்டிருந்தாலும் சமையலறைக்குள் வரலாகாது. பாராகுவாட் மருந்து 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் பழைய போத்தல் எந்தக் கொட்டகை மூலையில் கிடக்கிறதோ, யார் அறிவார்?

இப்போது பெற்றோர்களுக்கு ஒரு சொல். விருந்து நடுவே எவரேனும் ஒருவர் பொதுப் பாத்திரத்தில் ஒரு போத்தல் மதுவை ஊற்றிவிட்டுச் சிரிப்பது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. அந்தச் சிரிப்பையும் கணக்கிட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு 40 பங்கு சாராயம் கொண்ட 700 மில்லிலிட்டர் போத்தலில் 280 மில்லிலிட்டர் தனிச் சாராயம் உண்டு. 5 லிட்டர் பானத்தில் அது கலந்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்காகும். பியரின் செறிவும் அதுவே. அன்னாசியும் இஞ்சியும் அதன் சுவையை மறைத்துவிடும். விளையாடிக் களைத்து வந்த ஏழு வயதுச் சிறுவன் இரண்டு குவளை குடிப்பான். இனிப்பாக இருந்தது என்று மூன்றாவதும் கேட்பான். குழந்தைகளின் இரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சாராயம் விரைவில் தாழ்த்திவிடும். மயக்கமும் வலிப்பும் வரலாம். அவ்வாறு நேர்ந்தால் காப்பி கொடுத்துத் தெளிவிக்க முயலாமல், வாந்தி எடுக்கவும் தூண்டாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

பெரியோர் அருந்துவது அவரவர் விருப்பம். அதனை இங்கு வாதிடப் புகவில்லை. பொதுப் பாத்திரத்தில் மட்டும் எவரும் ஊற்றலாகாது என்பதே நம் வேண்டுகோள். வேண்டுவோர் தம் குவளையில், உரிமம் பெற்ற கடையில் வாங்கியதை அளந்து கலந்துகொள்க. 2017 டிசம்பர் முதல் 21 வயது நிரம்பாதோர்க்கு மது விற்பதைச் சட்டம் தடுக்கிறது. மலிவு விலைச் சம்சுவைப் பற்றி நம் தோட்ட மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மதுவால் சிலாங்கூரில் பலர் மாண்டனர். மெத்தனால் கண்பார்வையையும் உயிரையும் பறிப்பது. நாவினால் அதனைப் பிரித்தறிய இயலாது.

பனிக்கட்டியும் கொதித்து ஆறிய நீரில் செய்ததாகவே இருத்தல் நலம். பானத்தை அன்றே அருந்தி முடித்திடுக. காலையில் இறக்கிய தென்னம்பாளைச் சாறு மாலைக்குள் கள்ளாவதை நம் முதியோர் அறிவர். காற்றிலும் பழத்தோலிலும் வாழும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் இனிப்பைச் சாராயமாக்குகிறது. எஞ்சிய பானத்தை இறுக மூடிய போத்தலில் வெளியே வைத்தால், அதே உயிர்கள் வெளியிடும் வாயு போத்தலை வெடிக்கவும் செய்யும். மறுநாள் நுரைத்திருப்பதைக் கொய்யா மரத்தடியில் ஊற்றிவிடுக. மரம் ஒன்றும் சொல்லாது.