பையருக்கு மெயில் எழுதும்போது: சில பயனுள்ள குறிப்புகள்

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இலக்கணப் பிழைக்குத்தான் பயப்படுகிறார்கள். பிழையைப் பையர் பொறுத்துக்கொள்வார். பிழையே இல்லாத வாக்கியம் வேறு அர்த்தம் தந்துவிட்டால்தான் திருப்பூரில் காசு போகிறது.

1. 'வி ஹேவ் டைட் த ஃபேப்ரிக்' என்றால் உங்கள் கம்பெனியே சாயம் போட்டது. 'வி ஹேட் த ஃபேப்ரிக் டைட்' என்றால் வெளியே கொடுத்துப் போட்டு வாங்கியது. நம் பேச்சில் இரண்டுக்கும் 'சாயம் போட்டாச்சு' என்பதோடு முடிந்துவிடும். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பேக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லாம் வேறு வேறு இடம் என்று ஜாப் ஒர்க்கிலேயே ஓடும் ஊர் இது. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் தாங்கள் ஒப்புதல் தராத யூனிட்டுக்கு வேலை போவதைப் பல பையர்கள் ஏற்பதில்லை. முதல் வாக்கியத்தை எழுதிவிட்டு, ஆடிட் சமயத்தில் ஏதோ ஒரு சாயப்பட்டறையின் டெலிவரி சலான் ஃபைலிலிருந்து வெளியே வந்தால், மறைத்ததாகவே ஆகிவிடும். 'டைட் அட்' என்று எழுதி யூனிட் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

2. 'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்குள். 'டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை. தேதியையும் கூடவே போடுங்கள்.

3. எல்.சி.யில் (லெட்டர் ஆஃப் கிரெடிட், பணத்துக்கு வங்கி தரும் உறுதி) 'பிஃபோர்', 'அன்டில்' இரண்டும் ஒன்றல்ல. யூ.சி.பி. 600-க்குக் கட்டுப்பட்ட எல்.சி. என்றால் (2007 ஜூலை முதல் நடப்பில் உள்ள சர்வதேச வர்த்தக சபை விதிகள் இவை), ஷிப்மென்ட் 'அன்டில் ஜூன் 20' என்பதில் 20-ம் தேதியும் சேரும்; 'பிஃபோர் ஜூன் 20' என்றால் 19-உடன் சரி. 'ஃப்ரம்' இன்னும் கவனம் கேட்கும் சொல். ஷிப்மென்ட் காலத்துக்கு அது அந்தத் தேதியையும் சேர்த்துக்கொள்ளும். பணம் வரும் தவணை நாளைக் கணக்கிடும்போது அதே சொல் அந்தத் தேதியை விட்டுவிடும். 'ஆன் ஆர் அபவுட்' என்றிருந்தால் முன்னே ஐந்து நாள், பின்னே ஐந்து நாள். 'அஸ் சூன் அஸ் பாஸிபிள்' போன்றவற்றை வங்கி கணக்கிலேயே எடுக்காது.

4. அதே விதிகளில், எண்ணிக்கைக்கு முன்னால் 'அபவுட்' என்று ஒரு சொல் நின்றால் 10% கூடவோ குறையவோ அனுப்பலாம். அது இல்லையென்றால், கிலோ கணக்கில் போகும் நூலுக்கு, எல்.சி. தொகை மீறாத வரை, 5% சலுகை உண்டு; பீஸ் கணக்கில் போகும் டி-ஷர்ட்டுக்கு அதுவும் கிடையாது. கட்டிங்கில் கூடுதலாக வந்த பீஸ்களைப் பெட்டியில் போடுமுன் எல்.சி.யை ஒருமுறை பாருங்கள்.

5. 'யூ மஸ்ட் நாட் கட்' என்றால் வெட்டவே கூடாது. 'யூ நீட் நாட் கட்' என்றால் வெட்டத் தேவையில்லை, வெட்டினாலும் குற்றமில்லை. தமிழில் 'வேண்டாம்' இரண்டுக்கும் பொருந்துவதால் ஆபத்து இங்கேதான். பிபி சாம்பிள் (ப்ரீ-ப்ரொடக்ஷன் சாம்பிள்) ஓகே ஆகுமுன் வெட்டக்கூடாது என்று மெயில் வந்திருக்கும். நீங்கள் கட்டிங் மாஸ்டரிடம் "இப்ப வெட்ட வேண்டாங்ண்ணா" என்பீர்கள். அவசரமில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்வார். மதியம் டேபிள் காலியானதும் துணியை விரித்துவிடுவார். "பையர் ஓகே வர்ற வரைக்கும் வெட்டவே கூடாதுங்ண்ணா" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

6. 'வி வில் நீட் 3,000 மோர்' என்பது தேவை. 'வி வுட் நீட் 3,000 மோர்' என்றால் பின்னால் ஒரு 'இஃப்' ஒளிந்திருக்கிறது. திருத்திய பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) கைக்கு வராமல் நூல் புக் செய்யாதீர்கள்.

7. ரிப்போர்ட்டில் 'ஃபியூ ஹோல்ஸ்' என்றால் ஓட்டை அநேகமாக இல்லை. 'எ ஃபியூ ஹோல்ஸ்' என்றால் சில இருக்கின்றன. ரோலுக்கு எத்தனை என்று எண்ணைப் போடுவதே மேல்.

8. 'வி ஸ்டாப்ட் டு செக்' என்றால் சோதிப்பதற்காக நிறுத்தினோம். 'வி ஸ்டாப்ட் செக்கிங்' என்றால் சோதிப்பதையே விட்டுவிட்டோம். இரண்டாவதை எந்தப் பையருக்கும் எழுதிவிடாதீர்கள்.

9. 'ஆர்கானிக்' என்று மட்டும் போடுவதும் 'மேட் வித் ஆர்கானிக்' என்று போடுவதும் ஜி.ஓ.டி.எஸ். (குளோபல் ஆர்கானிக் டெக்ஸ்டைல் ஸ்டாண்டர்டு) சான்றிதழில் தனித்தனித் தரம். முன்னதற்கு ஆர்கானிக் நார் குறைந்தது 95% இருக்க வேண்டும். பின்னதற்கு 70% போதும். லேபிள் அச்சுக்குப் போகுமுன் 'வித்' இருக்கிறதா என்று பாருங்கள்.

10. இது வீட்டுக்கு. காதர்பேட்டையில் வாங்கிய எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட்டின் உள்தையலில் லேபிள் இருக்கும். 'வாஷ் செபரேட்லி' என்றால் அதைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும். 'வாஷ் வித் லைக் கலர்ஸ்' என்றால் அதேபோன்ற நிறத் துணிகளோடு சேர்க்கலாம். 'டு நாட் அயர்ன்' என்றால் இஸ்திரியே கூடாது. 'டு நாட் அயர்ன் ஆன் பிரிண்ட்' என்றால் படம் உள்ள இடத்தை மட்டும் விட்டு, மற்ற இடத்தில் தாராளமாகத் தேய்க்கலாம்.