முட்டி வலியும் நாட்டு மருந்தும்: வீட்டில் எது, வைத்தியரிடம் எது?



காட்டூர் பக்கத்துக் குழுக்களில் கூட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது ஒரு குரல் தவறாமல் கேட்கும். "அப்பாடா, முட்டி போச்சுடி." உடனே பக்கத்தில் இருப்பவர் ஒரு மருந்து சொல்வார். இன்னொருவர் அதைவிட நல்லதாக ஒன்று சொல்வார். சொல்வதில் பாதி நல்ல மருந்துதான். மீதிப் பாதியில் சிறுநீரகத்தைக் கெடுப்பதும் இருக்கிறது. எது எது என்று பிரித்துப் பார்ப்பதே இந்த மாதப் பாடம்.

மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக மெலியத் தொடங்குகிறது. அதுவரை சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்திருந்த ஹார்மோன் குறைந்துபோவதுதான் காரணம். நமக்கோ மூன்று வேளையும் அரிசிதான். 100 கிராம் அரிசியில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராமைத் தாண்டாது. அதே 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. முருங்கைக்கீரையிலும் 300-க்கு மேல். கேழ்வரகுக் களியைப் பிள்ளைகளுக்குக் கிண்டிப் போட்டுவிட்டு, மிஞ்சிய பழைய சோற்றைச் சாப்பிடுவது நம் வழக்கம். வயதான காலத்துக்கான முதல் மருந்தை அங்கேயே விட்டுவிடுகிறோம்.

வேலியில் படர்ந்து கிடக்கும் முடக்கத்தானை மாவோடு அரைத்துத் தோசை ஊற்றலாம், ரசத்திலும் போடலாம். பிரண்டையை இளசாகப் பறித்து, நார் உரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள். நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்துத் துவையல் அரைத்தால் நாக்கு அரிக்காது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பிரண்டையை வைத்தியரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். தேய்ந்த மூட்டை இந்தக் கீரைகள் திரும்ப வளர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாப்பாடாகச் சாப்பிட்டால் நல்லது, அவ்வளவுதான்.

காலையில் இஞ்சி, பகலில் சுக்கு, இரவில் கடுக்காய் என்ற கணக்கு நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். சீன மருத்துவத்திலும் இந்த மூன்றும் உண்டு. அவர்களும் பச்சை இஞ்சியை ஒரு மருந்தாகவும் காய்ந்த சுக்கை வேறொரு மருந்தாகவும் வைத்திருக்கிறார்கள். இரண்டு தேசத்துக்கும் பக்குவம்தான் முக்கியம். இஞ்சிக்கும் சுக்குக்கும் மேல்தோலைச் சீவ வேண்டும், கடுக்காய்க்கு உள்ளே இருக்கும் கொட்டையை எடுக்க வேண்டும். சீனாவில் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி மலேரியாவுக்கு மூலிகை தேடியபோது, கொதிக்கவைத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன பழைய சுவடி ஒன்றைப் படித்த பிறகு, சூடு குறைத்து மருந்தை எடுத்தார். அதற்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பாட்டிமார் "இப்படித்தான் செய்யணும்" என்று அடம் பிடித்ததில் விஷயம் இல்லாமல் இல்லை.

இனி எச்சரிக்கை. அதிமதுரம் இனிப்பாக இருக்கும், இருமலுக்குக் கேட்கும். சீனர்களும் நிறைய மருந்துகளில் இதைச் சேர்க்கிறார்கள். ஆனால் நாள் தவறாமல் சாப்பிட்டால் இரத்தக் கொதிப்பு ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். பிரஷர் மாத்திரை சாப்பிடும் சகோதரிகள் அதிமதுரக் கஷாயத்தைத் தினசரி வழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், உடம்பு இளைக்க ஒரு மருத்துவமனையில் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களில் சுமார் 100 பேருக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்கு டயாலிசிஸ் வரை போனது, சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயும் வந்தது. விசாரித்தால், இரண்டு மூலிகைகளுக்குச் சீன மொழியில் ஏறக்குறைய ஒரே பெயர். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று மாறி வந்திருக்கிறது. மாறி வந்த அந்தச் செடியின் சொந்தக்காரச் செடி நம் வயல்காட்டிலும் இருக்கிறது. அதுதான் ஆடுதீண்டாப்பாளை. பாம்புக்கடிக்கு என்று சொல்லும் ஈஸ்வரமூலியும் அதே குடும்பம். இரண்டிலும் அதே நஞ்சு உண்டு. ஆடு தொடாத இலையை நாம் ஏன் கசக்கிக் குடிக்க வேண்டும்? எந்த வலிக்கும் இவை இரண்டையும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம்.

மூன்றாவது, பொட்டல மருந்து. பேரும் இருக்காது, ஊரும் இருக்காது. "மூணே நாள்ல எழுந்து ஓடுவீங்கம்மா" என்பார்கள். நிஜமாகவே மூன்று நாளில் வலி போகும். இப்படி வருவதில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதால்தான் அந்த வேகம். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு இன்னும் மெலியும். எலும்பு வலிக்கு வாங்கியதே எலும்பைத் தின்னும்! ஏற்கெனவே பல நாளாகச் சாப்பிடுகிறவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சித்த மருத்துவம் வேண்டும் என்றால் முறையாகப் படித்தவரிடம் போகலாமே. அரசு தலைமை மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு உண்டு, மருந்தும் இலவசம். வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை அங்கேயும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து ஆரம்பித்ததும் சர்க்கரை, பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுவது நம்மவர்களிடம் உள்ள பெரிய கெட்ட பழக்கம். பக்கவாதம் அப்படித்தான் வருகிறது.

காசு செலவில்லாத ஒன்றும் சொல்ல வேண்டும். சீனாவில் வயதானவர்கள் காலையில் பூங்காவில் கூடி, மெதுவாகக் கை கால் அசைத்து 'தாய் சீ' என்ற பயிற்சி செய்கிறார்கள். அதைச் செய்பவர்கள் கீழே விழுவது குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மெலிந்த எலும்பு உள்ளவருக்கு ஒரு தடவை வழுக்கி விழுந்தாலே இடுப்பு முறியும். நாம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் பத்து எண்ணும் வரை நிற்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து பார்க்கலாம். முடியாவிட்டால் ஐந்து போதும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, வீட்டில் உள்ள நாட்டு மருந்து பாட்டில், டப்பா, பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். தயாரித்தவர் பெயர், விலாசம், உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்லலாம். எதுவும் எழுதாத பொட்டலங்களைத் தனியாக எடுத்து வைத்து, யார் எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார்கள் என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால், சுகாதார நிலையத்துக்குப் போகும்போது கேட்கச் சுலபமாக இருக்கும்.