முதல் மான் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசனுக்கு வெளியே குடியிருக்கிறோம். மகளுக்கு 12 வயது, மெலிந்த உடல்வாகு. பக்கத்துப் பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளைகளோடு பழகி, அவளுக்கும் மான் வேட்டைக்குப் போக ஆசை வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் யாரும் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. பண்ணைக்காரர் தன் அப்பாவின் பழைய வின்செஸ்டர் 30-30 லீவர் துப்பாக்கியைத் தருவதாகச் சொல்கிறார். என் கணவரோ, "வாங்குவதை ஒரேயடியாக 30-06 ஆக வாங்கிவிடலாம், வளர்ந்த பிறகும் உதவும்" என்கிறார். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. எதை வாங்குவது? நாங்கள் எச்-1பி, எச்-4 விசாவில் இருக்கிறோம். அதனால் சிக்கல் வருமா?
— ஒரு தாய், விஸ்கான்சின்

பதில்: விசாவிலிருந்தே தொடங்குகிறேன், சகோதரி. அது சரியாகாமல் வேறு எதிலும் கைவைக்கக் கூடாது. எச்-1பி, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசின் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அவற்றில் ஒன்று. ஆகவே முதலில் உரிமம், பிறகுதான் துப்பாக்கி. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இது பொருந்தும். கணவருக்குத் தனி உரிமம், மகளுக்குத் தனி உரிமம் வேண்டும். விஸ்கான்சினில் உரிம ஆண்டு மார்ச் 31-ல் முடிகிறது. அதற்குள் புதுப்பிக்கத் தவறினால், அலமாரியில் பூட்டிக் கிடக்கும் துப்பாக்கிகூட வழக்குக்கு இடமாகிவிடும். குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் உங்கள் நிலைமையைச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு டாலர் செலவானாலும் தயங்க வேண்டாம்.

உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அங்கே இது பொதுவாகக் கட்டாயம். மகளை மட்டும் அனுப்பாமல் நீங்களும் கணவரும் கூடவே உட்காருங்கள். வீட்டில் யாரும் துப்பாக்கியைத் தொட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயத்துக்கு அதுதான் காரணம், மருந்து அந்த வகுப்பில் இருக்கிறது. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே நினைக்க வேண்டும், குழல் எப்போதும் ஆபத்தில்லாத திசையில் இருக்க வேண்டும், இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது உறுதியாகத் தெரிய வேண்டும், சுடும் கணம் வரை விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். இந்த நான்கையும் அங்கே 'டேப்-கே' என்று சுருக்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். வகுப்பை முடித்தாலும் 12, 13 வயதில் பெற்றோரோ, பெற்றோர் ஒப்புக்கொண்ட பெரியவரோ உடன் இல்லாமல் வேட்டைக்குப் போக முடியாது.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன். வளரும் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடையை ஓர் அளவு பெரிதாக எடுப்பது நம் வழக்கம். கணவரின் யோசனையும் அந்த வகைதான். துப்பாக்கி விஷயத்தில் அதைச் செய்யவே கூடாது. ஒரே எடையுள்ள இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று 30-06, இன்னொன்று 243 என்றால், முதலாவதன் பின்னுதைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மெலிந்த பிள்ளையின் தோளில் அந்த உதை விழுந்தால், அடுத்த முறை டிரிகரை அழுத்தும் முன்பே கண் இறுக மூடும், தோள் முன்னே தள்ளும், குழல் கீழே சாயும். இந்தத் துணுக்குறலை ஒருமுறை உடம்பு கற்றுக்கொண்டால் மறக்க வைப்பது மிகக் கடினம். அதன் விலையை மான் கொடுக்கும். நெஞ்சில் பட வேண்டிய குண்டு வயிற்றிலோ காலிலோ பட்டு, அந்த உயிர் புதருக்குள் மணிக்கணக்கில் துடிக்கும். 30-06-ன் வலிமை அங்கே எதற்கும் உதவாது. சரியான இடத்தில் பட்ட சிறிய குண்டே கருணையானது.

பண்ணைக்காரர் தருவதாகச் சொன்ன 30-30-ல் உதைப்பு பெரிய பிரச்சினை இல்லை. 1895-ல் வந்த அந்தத் தோட்டா காட்டுப் பகுதிகளில் எண்ணற்ற மான்களை வீழ்த்தியிருக்கிறது. அதைத் தர முன்வந்தவரின் மனமும் பெரிது. என் தயக்கம் அதன் சுத்தியலைப் பற்றியது. பழைய வின்செஸ்டர் 94 வகையில் தனிப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. மான் சுடும் கோணத்தில் நிற்காமல் நடந்துவிட்டால், பின்னுக்கு இழுத்த சுத்தியலைப் பெருவிரலால் பிடித்துக்கொண்டு, டிரிகரையும் அழுத்தி, மெதுவாக முன்னே இறக்கி, பாதி நிலையில் நிறுத்த வேண்டும். அதுவும் வெடிக்கக்கூடிய தோட்டா குழலில் இருக்கும்போது. நவம்பர் குளிரில் விறைத்த, கையுறை போட்ட 12 வயதுக் கையால் செய்யும் வேலையா அது? பெருவிரல் வழுக்கினால் துப்பாக்கி வெடிக்கும். மாலையில் குண்டுகளை எடுப்பதற்கும் லீவரை ஆட்டி ஒவ்வொன்றையும் குழலின் பின்னுள்ள தோட்டா அறை வழியாக வெளியே தள்ளியாக வேண்டும். அதைச் சில ஆண்டுகள் கழித்துத் தரச் சொல்லி, இப்போதைக்கு நன்றி சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகளுக்கு என் பரிந்துரை, 243 வின்செஸ்டர் தோட்டாவுக்கான, சிறு உடலுக்கென்று செய்த போல்ட் வகை (கையால் இழுத்துத் திறந்து மூடும்) துப்பாக்கி. 1955-ல் வந்த இந்தத் தோட்டா, 308 வின்செஸ்டர் தோட்டாவின் கழுத்தை ஒடுக்கிச் செய்தது. 100 கிரெய்ன், அதாவது ஆறரை கிராம் குண்டை நொடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர் வேகத்தில் அனுப்பும். வெள்ளைவால் மானுக்கு அது தாராளம். 243 போதாது என்று கடையில் சிலர் சொல்லக்கூடும். எலும்பில் மோதும் கோணத்தில் சுட்டால் அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. பக்கவாட்டில் நிற்கும் மானை மட்டும், 100 கெஜத்துக்குள் மட்டும் சுடுவது என்று முடிவு செய்துகொண்டால் அந்தக் குறை எழாது. அவள் இன்னும் சற்றுத் திடமான பிள்ளையாக இருந்திருந்தால், 1980-ல் வந்த 7 மி.மீ.-08 ரெமிங்டனையோ 2007-ல் வந்த 6.5 கிரீட்மோரையோ சொல்லியிருப்பேன். இரண்டுமே நல்லவை, உதைப்புதான் சற்றுக் கூடுதல்.

எந்த நிறுவனத்துடையது என்பதைவிட அளவுதான் முக்கியம். கடைக்கு மகளையும் அவளுடைய குளிர்காலக் கோட்டையும் கொண்டு போங்கள். கோட்டைப் போடச் சொல்லி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, தோளில் பதியும் கட்டையின் அடிப்பகுதியை முழங்கை மடிப்பில் வைத்துப் பாருங்கள். ஆட்காட்டி விரலின் முதல் கணு டிரிகரில் இயல்பாகப் படிய வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் கட்டை நீளம். பெரியவர்களுக்கான கட்டை டிரிகரிலிருந்து 13½ அங்குலத்துக்கு மேல் போகும். பிள்ளைகளுக்கு 12, 12½ அங்குலம் தேவைப்படும். ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட், சாவேஜ் ஆக்சிஸ் காம்பாக்ட், மாஸ்பெர்க் பேட்ரியட்டின் இளையோர் வகை ஆகியவற்றைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். சில துப்பாக்கிகளில் கட்டையின் முடிவில் திருகிச் சேர்க்கும் தகடுகள் உண்டு. பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகச் சேர்த்தால் கட்டையும் நீளும். கணவர் கேட்ட "வளர்ந்த பிறகும் உதவும்" என்பது இதில் கிடைத்துவிடும்.

மிகவும் இலேசான துப்பாக்கியைத் தேடாதீர்கள். எடை குறையக் குறைய உதைப்பு ஏறும். ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து 7 பவுண்டு சரியாக இருக்கும். குழல் முனையில் உதைப்பைக் குறைக்கும் துளையிட்ட பாகத்தை மாட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சத்தம் மிகவும் கூடிவிடும். ஸ்கோப், கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே நாலு அங்குலம் இடம் தருவதாக இருக்கட்டும். பிள்ளைகள் கழுத்தை முன்னே நீட்டிப் பார்ப்பார்கள், இடம் குறைந்தால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். பாதுகாப்புப் பொத்தான் போட்ட நிலையிலேயே போல்ட்டைத் திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். வாங்கும் முன் அவளுடைய ஆளுமைக் கண் எது என்பதும் தெரிய வேண்டும். இரு கண்ணையும் திறந்து, தூரத்திலுள்ள ஒரு பொருளை விரலால் சுட்டச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னால், எந்தக் கண்ணால் பார்க்கும்போது விரல் நகராமல் நிற்கிறதோ அதுவே ஆளுமைக் கண். அது இடக்கண் என்றால், இடக்கைத் துப்பாக்கி வாங்குவதை யோசியுங்கள்.

உண்மையில் அவள் முதலில் சுட வேண்டியது பாயிண்ட் 22 துப்பாக்கியை. விஸ்கான்சினில் அதன் விளிம்படித் தோட்டாவால் மானைச் சுடச் சட்டம் இடம் தராது. ஆனால் உதை இல்லாமல், மலிவாக, மூச்சையும் விரலையும் பழக்க அதற்கு ஈடு இல்லை. கோடை முழுவதும் அதில் பழகட்டும். பெரிய துப்பாக்கியில் ஒரு தடவைக்கு ஐந்தாறு குண்டு போதும். காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் கவசம், இரண்டும் வேண்டும். பெரியவர் ஒருவர், அவளுக்குத் தெரியாமல் போலித் தோட்டா ஒன்றை நடுவில் கலந்து நிரப்பித் தரட்டும். டிரிகரை அழுத்தும்போது வெடி வராது, குழல் மட்டும் கண்ணெதிரே சட்டென்று கீழே இறங்கினால் துணுக்குறல் புகுந்துவிட்டது என்று பொருள். அன்றைக்குப் பெரியதை உறையில் போட்டுவிட்டு 22-க்கே திரும்புங்கள்.

குண்டு விஷயத்தில் தாமிரக் குண்டையே வாங்குங்கள். ஈயக் குண்டு உடலுக்குள் சிதறும், அதன் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் இறைச்சியில் தங்கும். 2008-ல் அண்டை மாநிலமான மின்னசோட்டாவிலும் வடக்கு டகோட்டாவிலும் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் இறைச்சியில் ஈயம் காணப்பட்டது. வளரும் பிள்ளைக்கு அது ஆகவே ஆகாது. 243-ல் 80 கிரெய்ன் தாமிரக் குண்டு கடையிலேயே கிடைக்கும். இறைச்சியில் இன்னொரு கவனமும் வேண்டும்: மான்களைத் தாக்கும் நாள்பட்ட மெலிவு நோய் 2002 முதல் அந்த மாநிலத்தில் இருக்கிறது. சமைக்கும் முன் மாநில இயற்கைவளத் துறையிடம் மாதிரி கொடுத்துச் சோதியுங்கள், கட்டணம் இல்லை.

முதல் வேட்டையை நவம்பர் மாத வழக்கமான வேட்டைக் கூட்டத்தில் வைக்காமல், அக்டோபரில் 15 வயது வரையுள்ளோருக்காக ஒதுக்கும் இரண்டு நாள் இளையோர் வேட்டையில் வையுங்கள். காட்டில் ஆட்களும் குறைவு, குளிரும் குறைவு. பளிச்சிடும் செம்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு மேலாடை அப்போதும் கட்டாயம். அதற்குள், உட்கார்ந்த நிலையில் ஐந்துக்கு ஐந்தும் ஆறங்குல வட்டத்துக்குள் எந்தத் தூரத்தில் விழுகிறதோ, அதுதான் அவளுடைய எல்லை என்று பண்ணைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். 50 கெஜம் என்றால் 50 கெஜம்தான், 60-ல் நிற்கும் மான் நடந்து போகட்டும்.

துப்பாக்கியோடு சேர்த்தே இரும்புப் பெட்டி ஒன்றும் வாங்க வேண்டும். தோட்டாவுக்கு வேறொரு பூட்டுப் பெட்டி. இரண்டின் சாவியும் உரிமம் உள்ள கணவரிடம் மட்டும் இருக்க வேண்டும், மகளுக்குத் தெரிந்த இடத்தில் வேண்டாம். பணம் இடித்தால் ஸ்கோப்பில் குறைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் குறைக்காதீர்கள்.